கோடை வார இறுதியில் பரிசலும் தூண்டிலும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தருமபுரிக்காரன். ஏப்ரல், மே வந்துவிட்டால் சனிக்கிழமை விடியும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். நாகமரையில் என் தாய்மாமன் இருக்கிறார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உரிமம் வாங்கி மீன் பிடிக்கிறவர். பள்ளிக்கூட நாளிலிருந்து அவருடைய பரிசலில்தான் என் கோடை கழிகிறது. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நண்பர்கள், சேலத்துச் சொந்தக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பிமார்கள் என்று பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே மாதத்தில் ஏன் போகிறீர்கள்? மழைக்காலம்தானே ஆற்றுக்கு அழகு?

பார்க்க மழைக்காலம் அழகு. இறங்கக் கோடைதான் சரி. ஜூன் கடைசியிலிருந்து குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்தால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரித் தண்ணீர் காவிரியில் வரும். ஒகேனக்கல்லில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய நாட்கள் உண்டு. அப்போது அருவியே தெரியாது. பாறையெல்லாம் மூழ்கி, ஒரே செம்மண் நிற வெள்ளமாக ஓடும். பரிசல் போகாது, குளிக்கவும் விடமாட்டார்கள்.

கோடையில் அதே ஆறு சில நூறு, சில ஆயிரம் கன அடிக்கு இறங்கிவிடும். பாறை எங்கே, மடு எங்கே, மணல் எங்கே என்று கண்ணாலேயே படித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் எங்கும் பரவிக் கிடக்கும் மீன் கோடையில் மடுக்களில் ஒதுங்கிவிடும். தூண்டில்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வெளிநாட்டில் குடும்பத்தோடு சொந்தக் குரூசர் படகில் சனி, ஞாயிறு கழிக்கிறார்கள். நாமும் ஒன்று வாங்கி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் விடலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குரூசர் என்பது உள்ளே படுக்கை, சின்ன அடுப்படி, கழிவறை எல்லாம் வைத்த மோட்டார் படகு. அமெரிக்க ஏரிகளில் வெள்ளி மாலை ஏறி, நடு ஏரியில் நங்கூரம் போட்டுத் தூங்கி, மீன் பிடித்துச் சாப்பிட்டு, ஞாயிறு இரவு இறங்குகிறார்கள். ஆசைப்பட வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் அந்த ஏரிகளில் பலவற்றில் கரை இருந்த இடத்தில் இருக்கும், படகுத்துறையும் அப்படியே இருக்கும். நம் நீர்த்தேக்கம் அப்படி இல்லை.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கென்று கட்டிய அணை. வழக்கமான ஆண்டில் ஜூன் 12-இல் குறுவைக்குத் திறந்து ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். வறண்ட ஆண்டுகளில் மட்டம் பாதிக்கும் கீழே போனதுண்டு. மட்டம் இறங்க இறங்க நாகமரைக் கரை உள்ளே உள்ளே போகும். போன மாதம் பரிசல் கட்டிய இடத்தில் இந்த மாதம் மாடு மேயும். ஈரம் காயாத அந்த வண்டலில் ராகியும் சோளமும் விதைத்திருப்பார்கள். குரூசருக்குக் குறைந்தது இரண்டு, மூன்று அடி ஆழமாவது வேண்டும். இந்த வாரம் நிறுத்திவிட்டுப் போனால் அடுத்த வாரம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். பரிசலுக்கு அரை அடித் தண்ணீர் போதும். தண்ணீர் இறங்கினால் தலையில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நடந்துவிடலாம்.

அடுத்தது, தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. 1934-இல் அணை கட்டி முடித்தபோது ஊர்களே மூழ்கின. நாகமரைக்கு எதிர்க்கரையில் பண்ணவாடி இருக்கிறது. தண்ணீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் அங்கே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அவை முழுதாகத் தெரியும்போது ஆபத்தில்லை. ஒரு அடித் தண்ணீருக்குக் கீழே இருக்கும்போது வேகமாகப் போகும் படகுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வலை. மீனவர்கள் சாயங்காலம் வலை விட்டு விடியற்காலை எடுப்பார்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் அடையாளம் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலோ தெர்மாகோல் துண்டோதான். மோட்டார் படகின் விசிறி அதில் சிக்கினால் நமக்கு அரை மணி நேரம் வீண். அவர்களுக்கு வலையே போச்சு, அன்றைய சோறும் போச்சு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் பொருத்திய படகை உள்நாட்டு நீர்நிலைகளில் ஓட்ட, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் வேண்டும். நீர்த்தேக்கம் நீர்வளத் துறையின் பொறுப்பு, மீன் மீன்வளத் துறையின் பொறுப்பு, கரையில் காடு இருந்தால் வனத்துறையும் சேரும். இத்தனை பேரிடமும் கேட்டுத்தான் இறக்க முடியும். பல ஊர்கள் குடிக்கும் தண்ணீர் அது என்பதையும் மறக்கக் கூடாது.

குரூசரில்தான் போயாக வேண்டும் என்ற ஆசை இருந்தால் கேரளத்துக் காயலுக்குப் போய் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். இங்கே வந்தால் பரிசல் ஏறுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பரிசலில் இருந்து பார்த்தவர்கள் யாரும் என்னிடம் மறுபடி குரூசரைப் பற்றிக் கேட்டதில்லை.

சரி, எங்கெங்கே போகலாம்?

முதல்முறை வருகிறவர்கள் ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். பாறை இடுக்குகளுக்குள் பரிசலில் போவது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. புகையும் பாறை. தண்ணீர் விழுந்து சாரல் எழும்போது பெயரின் பொருள் தானாகப் புரியும்.

கூட்டம் வேண்டாம், அகலமான தண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கு ஏரியூர் வழியாக நாகமரை, இல்லையென்றால் ஒட்டனூர். இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல. அக்கரை சேலம் மாவட்டம். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் மக்கள் கடந்து போகும் துறைகள் இவை. கடையும் கழிப்பறையும் தேடினால் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) பக்கத்திலேயே இருக்கிறது. தென்பெண்ணையில் 1950-களில், காமராசர் ஆட்சிக் காலத்தில் கட்டியது. முழு மட்டம் 52 அடி. 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்து தண்ணீர் வீணானது பலருக்கு நினைவிருக்கும். அங்கே படகு தேடாதீர்கள். அணை முகப்பில் வரிசையாக இருக்கும் மீன் வறுவல் கடைகளுக்காகவே போகலாம். சின்னக் குழந்தைகளைத் தண்ணீரில் பழக்க நினைத்தால் கிருஷ்ணகிரி அருகே அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. மிதி படகில் ஒரு சுற்று போய்வந்தால் போதும், பயம் தெளிந்துவிடும்.

பாரூர் பெரிய ஏரியும் எனக்குப் பிடித்த இடம். ஆனால் அங்கே வேடிக்கை பார்ப்பதோடு சரி.

கிளம்புவதற்கு முன்னால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

நீர்வரத்து. வானிலையைவிட அதுதான் முக்கியம். தமிழக எல்லையில் காவிரி நுழையும் இடம் பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. 'ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி' என்று காலைச் செய்தியில் வருவது அந்த அளவுதான். ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று நாள் எண்ணைப் பாருங்கள். ஏறிக்கொண்டே வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இங்கே வெயில் காய்வதால் ஆற்றில் தண்ணீர் கூடாது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மேலே அணையில் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும், நம் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இருக்காது. அதேபோல சின்னாறு. ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் சிறு ஆறு. கோடையில் மணலாகக் கிடக்கும். மேலே காட்டில் ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டினால் திடீரென்று வரும். மணலில் அடுப்பு மூட்டிச் சமைக்க உட்காராதீர்கள்.

மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டிருந்தால் தடைதான். 'அண்ணா, கொஞ்சம் பார்த்து...' என்று பரிசல்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். அவர் பிழைப்பையும் உங்கள் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறீர்கள்.

பரிசல் சுற்றுகிறதே, கவிழ்ந்துவிடாதா?

சுற்றும். வட்டமாக இருக்கும் எதுவும் தண்ணீரில் சுற்றத்தான் செய்யும், திசை பிடிக்க அதற்கு முனையும் இல்லை, அடிக்கட்டையும் இல்லை. ஆனால் சுற்றுவதும் கவிழ்வதும் வேறு வேறு. அகலமான தட்டை அடி என்பதால் நாம் உட்கார்ந்திருக்கும்வரை பரிசல் மிக உறுதியானது.

கவிழ்வது எப்போது என்றால், யாராவது எழுந்து நிற்கும்போது. அல்லது ஒரு பக்கம் அருவி தெரிகிறதென்று எல்லோரும் அந்தப் பக்கமே சாய்ந்து படம் எடுக்கும்போது. விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழம்கூட இருக்காது. ஒரு தடவை தண்ணீர் உள்ளே ஏறிவிட்டால் அந்தப் பக்கமே இன்னும் கனக்கும், அப்புறம் நிறுத்த முடியாது.

மாமா பரிசல் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூங்கிலைப் பிளந்து, உள்பக்கத்துச் சதையைச் சீவி, விரல் அகலப் பட்டையாக எடுப்பார். தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி நடுவிலிருந்து பின்னிக்கொண்டே வருவார். அடிப்பாகம் போதிய அகலம் வந்ததும் சுற்றிலும் கல்லை ஏற்றிவைத்துப் பட்டைகளை மேலே வளைப்பார். பச்சை மூங்கிலாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், காய்ந்தால் முறியும். விளிம்பைக் கயிறு போலத் தடிமனாகச் சுற்றி முடிப்பார். முன்காலத்தில் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தார்ப்பாய், அதன்மேல் காய்ச்சிய தார். தார் பூசிய மறுநாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசல் பெரிய ஆமை படுத்திருப்பது போலத் தெரியும். தார் வாசனையும் மீன் வாசனையும் கலந்து வரும். எனக்குக் கோடை என்றால் அந்த வாசனைதான்.

துடுப்புப் போடுவதும் வேறு மாதிரி. படகில் பின்னால் உட்கார்ந்து தள்ளுவோம். பரிசலில் போகும் திசைக்கு முன்னால் துடுப்பை விட்டுத் தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும், எட்டுப் போடுவது போல. பதினைந்து வயதில் நான் பழகியபோது முதல் நாள் முழுக்க ஒரே இடத்தில் சுற்றினேன். 'தண்ணிய அடிக்காத மாப்ளே, வாரி இழு' என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தையில்தான் கை பழகியது.

லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? நீச்சல் தெரியுமே?

கட்டாயம். பாறையில் தலை மோதி மயங்கினால் நீச்சல் உதவாது. வாரை இறுக்கிக் கட்டுங்கள், தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது. ஒகேனக்கல்லில் ஒரு பரிசலுக்கு எத்தனை பேர் என்று துறையில் சொல்வார்கள், 'குழந்தைதானே' என்று கூடுதலாக ஒருவரை ஏற்றச் சொல்லாதீர்கள்.

தூண்டில் போட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இடத்தைப் பொறுத்தது. அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை யாரிடமாவது இருக்கும். மீன்வளத் துறை குஞ்சு விட்டு வளர்க்கும் இடமாக இருக்கலாம், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கலாம், குத்தகைக்கு விட்டிருக்கலாம். அதனால் கரையில் இறங்கியதும் முதலில் பார்க்கும் மீனவரிடம் 'இங்க யார்கிட்ட கேக்கணும்ணே?' என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள். பத்து மீன் பிடிக்கும் தூண்டில்காரனை யாரும் விரட்டியதில்லை, கேட்காமல் வலை போடுகிறவனைத்தான் விரட்டுவார்கள்.

காட்டுக்குள் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. காவிரியை ஒட்டிய நம் இரு மாவட்டக் காடுகளின் பல பகுதிகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரண்டு வனவிலங்கு சரணாலயங்களில் வருகின்றன. முதலாவது 2014-இலும் இரண்டாவது 2022-இலும் அறிவிக்கப்பட்டன. அங்கே தூண்டிலோடு போகக் கூடாது.

வெடிமருந்துத் தோட்டா வெடித்தோ, விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். யாராவது 'சீக்கிரம் வேலை முடியும்' என்று அழைத்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஒரு தோட்டாவில் மடு முழுக்கக் குஞ்சும் முட்டையுமாகச் செத்து மிதக்கும். பெரிய மீனைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மடுவில் அப்புறம் பல வருஷத்துக்குத் தூண்டில் அசையாது. நான் பார்த்திருக்கிறேன், அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

என்ன தூண்டில், என்ன இரை?

விலை உயர்ந்த கம்பியும் ரீலும் இல்லாமலே ஆரம்பிக்கலாம். எட்டடி மூங்கில் கழி, அதே நீளத்துக்குத் தங்கூஸ் நரம்பு (நைலான் இழை), ஒரு தக்கை, சின்ன ஈயக் குண்டு, முள். மயிலிறகுத் தண்டில் தக்கை செய்தால் சின்ன மீன் தொட்டாலும் தெரியும்.

கெண்டை வகைக்கு எங்கள் பக்கத்து இரை களி. ஆம், நாம் சாப்பிடும் அதே கேழ்வரகுக் களிதான். சாப்பிடும் களியைவிடக் கெட்டியாகக் கிண்டி, ஆறியதும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக்கொள்ள வேண்டும். முள் முழுக்க மறைய வேண்டும். கெட்டி குறைந்தால் தண்ணீரில் விழுந்ததும் கரையும், கூடினால் மீன் கடித்தாலும் முள் ஏறாது. உருண்டையைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் கரையாமல் இருந்தால் பதம் சரி. வெள்ளைக்காரர்கள் காவிரியில் பெரிய மகசீர் மீன் பிடித்த காலத்திலும் இதே ராகி உருண்டையைத்தான் இரையாக வைத்தார்கள். கபினியில் 1946-இல் பிடிபட்ட மகசீர் 120 பவுண்டு எடை.

கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழு. விராலுக்குச் சின்ன மீன். ஜிலேபி மீன் எது வைத்தாலும் கடிக்கும்.

முள் விரலில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள், முள்ளில் கொக்கி இருக்கிறது, சதையைக் கிழித்துக்கொண்டு வரும். நரம்பை அறுத்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். போன மே மாதம் எனக்கு ஏறியது, எடுக்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே இழுத்து எடுத்தது பத்து நாள் சீழ் பிடித்துக் கிடந்தது.

என்னென்ன மீன் கிடைக்கும்? எதை விட்டுவிட வேண்டும்?

நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள், குஞ்சு கொண்டுவந்து விட்டு வளர்க்கிறார்கள். ஜிலேபி என்கிற திலேப்பியா ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது எந்தக் குட்டையில் கை விட்டாலும் அதுதான். பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் வளர்ப்பது கிஃப்ட் திலேப்பியா என்ற மேம்படுத்திய ரகம், சீக்கிரம் பெரிதாகும். நம் சொந்த மீன்கள் என்றால் விரால், கெளுத்தி, வாளை, ஆரால், குரவை.

விரால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரையோரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு கைப்பிடி குங்குமம் கொட்டியது போலச் சிவப்பாக ஏதோ கலங்கிக்கொண்டு நகரும். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கும், ஒன்றாகக் கீழே போகும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே இரையைப் போட்டால் பசியே இல்லாவிட்டாலும் குஞ்சைக் காக்கப் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது மிகச் சுலபம். அப்படிப் பிடித்தால் அன்றைக்கே அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போங்கள்.

மகசீர் மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள். காவிரியில் மட்டுமே வாழும் திமில் மகசீர் எந்த இனம் என்பதே 2018-இல்தான் உறுதியாயிற்று, டோர் ரெமாதேவி என்று பெயர். அழிவின் விளிம்பில் இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை பட்டால் மேல்தோலின் வழுவழுப்பு போய் நோய் பிடிக்கும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத் தண்ணீருக்குள்ளேயே ஏந்திப் பிடித்தால், செவுள் நன்றாக அடித்து, தானாகத் திமிறிப் போகும்.

எந்த நேரத்தில் கடிக்கும்?

விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அப்புறம் நாலரைக்கு மேல். நடுப்பகலில் மேல்தண்ணீர் சுடும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீன் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும். நீங்களும் புளியமர நிழலில் அதையே செய்யலாம்.

பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரிகளில் கணக்கு மாறும். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுப்பதால் விடியும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத்திணறல். வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே?

அது கடலுக்கு. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை 61 நாள். ஆற்றுக்கும் அணைக்கும் பொருந்தாது. கடல் மீன் வரத்துக் குறைவதால் அந்த இரண்டு மாதம் அணை மீனுக்குத் தேவை கூடும், அவ்வளவுதான்.

ஒகேனக்கல்லில் முதலை இருக்கிறதா?

இருக்கிறது. வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையத்தைச் சொல்லவில்லை, ஆற்றிலேயே இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். மீன் கழுவிய தண்ணீரும் குடலும் கொட்டும் இடத்தில் காலை நனைக்காதீர்கள். மனிதர் நடமாட்டம் உள்ள குளிக்கும் இடங்களிலேயே குளியுங்கள்.

கோடை மழை பிடித்தால் தண்ணீரில் என்ன செய்வது?

மழை பிடிக்கும் முன்பே கரையில் இருக்க வேண்டும். அகலமான நீர்த்தேக்கத்தில் மழையைவிடக் காற்றுதான் பயம்.

ஒரு மே மாத ஞாயிறு, மதியம் மூன்றரை மணி. நானும் மாமாவும் நாகமரையிலிருந்து நன்றாக உள்ளே போயிருந்தோம். காற்றே இல்லை, தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. எனக்கு வரிசையாக ஜிலேபி மாட்டிக்கொண்டிருந்தது. மாமா திடீரென்று தூண்டிலைச் சுருட்டினார். 'போலாம் மாப்ளே.' எனக்கு மனசில்லை. 'இன்னும் பத்து நிமிஷம் மாமா' என்றேன். அவர் பேசவில்லை. பாலமலைப் பக்கம் கையைக் காட்டினார். மலைக்கு முன்னால் செம்மண் நிறத்தில் ஒரு திரை தொங்கியது. அதற்கு முன்னாடி கொக்குகள் தாழப் பறந்து எங்கள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

பாதி தூரத்தில் காற்று பிடித்துவிட்டது. ஒரு நிமிஷம் முன்பு அசையாமல் இருந்த தண்ணீரில் முழங்கால் உயரத்துக்கு அலை. என்னைப் பரிசலின் நடுவில் படுக்கச் சொன்னார். துறைக்குப் போக அவர் முயற்சி செய்யவே இல்லை. காற்று தள்ளும் பக்கமே பரிசலை விட்டு, அலை குறுக்கே அடிக்காமல் மட்டும் துடுப்பால் பிடித்துக்கொண்டார். துறையிலிருந்து வெகு தள்ளி, யாரோ ராகி விதைத்திருந்த சேற்றில் ஒதுங்கினோம். என் போனும் அன்றைய மீனும் தண்ணீரில் போயின. சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு மாமா சொன்னார், 'காத்தோட மல்லுக்கு நிக்கக் கூடாது மாப்ளே. எந்தக் கரையா இருந்தா என்ன, கரைதானே.'

அன்றிலிருந்து மே மாதத்தில் மூன்று மணிக்கு மேல் நாங்கள் நடுத் தண்ணீருக்குப் போவதில்லை. மாலைத் தூண்டில் எல்லாம் கரையிலிருந்துதான். இடி கேட்டால் கழியையும் கீழே போட்டுவிடுவோம்.

பிடித்த மீனை எங்கே சமைப்பது?

ஒகேனக்கல்லில் விறகடுப்பு வைத்துச் சமைத்துத் தரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். மீனையும் எண்ணெய், அரிசியையும் கொடுத்தால் போதும், எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், முடித்ததும் பேரம் பேசாதீர்கள். நாள் முழுக்கப் புகையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள்.

நாங்களே சமைத்தால் ஜிலேபியை வறுவலுக்கு வைத்துக்கொள்வோம். செதிலைச் சுரண்டி, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைக் கல் உப்பு போட்டு உரசி எடுக்க வேண்டும், சேற்று வாடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, கொஞ்சம் புளிக்கரைசல். அரை மணி ஊறியதும் கடலை எண்ணெயில். குழம்புக்குக் கெளுத்தி. அதற்குத் துணை சூடான களி, வேறு எதுவும் ஈடாகாது.

தென்பெண்ணையில் நுரை பொங்குகிறதே, அந்த மீனைச் சாப்பிடலாமா?

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வருவதுதான் காரணம். நுரை இருக்கும் இடத்தில் நான் தூண்டில் போடுவதில்லை, பிள்ளைகளைக் குளிக்கவும் விடுவதில்லை. அந்த ஆற்றின் கரையில் பிறந்தவர்கள் அதைச் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன். ஆறு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

கூடவே என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, உப்புப் போட்ட மோர், போனுக்கு நீர் புகாத உறை, குப்பை அள்ள ஒரு சாக்கு. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிடாதீர்கள், நாரையின் காலில் சுற்றிக்கொண்டால் அது பட்டினியில்தான் சாகும். மது வேண்டாம். தண்ணீரில் இறங்கும் நாளில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

ஒகேனக்கல் என்றால் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியிருக்க வேண்டும். பென்னாகரம் வரும் பாதை காட்டுக்குள் வளைந்து ஏறுகிறது. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடுவதால் இருட்டும் நேரத்தில் யானைகள் சாலையைக் கடந்து காவிரிக்கு இறங்கும். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை ஏற்றி இறக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தள்ளியே வண்டியை நிறுத்தி, கடைசிக் குட்டியும் கடந்து போகும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.